ஒரு வசனத்தில் பிரிந்த நாடு

கொடி நாட்களில் ஒஸ்லோவின் டிராம்களும் நெற்றியில் இரண்டு சிறு கொடிகளைக் கட்டிக்கொள்ளும். இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. கொடி கட்டிய வாகனத்தைக் கண்டால் ஒதுங்கி நிற்கவே ஊரில் பழகியிருந்தோம். 2005 ஜூனில் ஒருநாள் அப்படியொரு டிராமில் வேலைக்குப் போனேன். சுவீடனுடனான ஒன்றியத்திலிருந்து நோர்வே விலகி அன்றைக்கு நூறு வருடம்.

முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் எனக்கு வேலை. கூட வேலை செய்த அன்னா சுவீடன்காரி. இரு நாட்டுக்கும் பொதுவான அரசனால் நோர்வேக்கு அரசாங்கம் அமைக்க முடியாமற் போனதால் அவன் அதிகாரம் ஓய்ந்தது, ஆகவே ஒன்றியமும் முடிந்தது என்று நோர்வேப் பாராளுமன்றம் ஒரே வசனத்தில் எழுதிவிட்டதாகப் பத்திரிகையில் படித்திருந்தேன். பிரிவையே வசனத்தின் ஓரத்தில் சொருகியிருந்தார்கள். கோப்பை கழுவும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாக அவளிடம் கேட்டேன்: "அது லொவ்லிக்கா, அன்னா?" சட்டப்படியானதா என்று அர்த்தம்.

அவள் முகம் சிவந்தது. "என்னிடம் வரி அட்டை இருக்கிறது. நாங்கள் இங்கே வேலை செய்ய அனுமதி எதுவும் தேவையில்லை."

தன் வேலையைத்தான் கேட்கிறேன் என்று நினைத்த அவளை நான் திருத்தப் போகவில்லை. என் விசாவுக்காக எத்தனை கதவுகளில் நின்றேன் என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

நானும் தம்பி குகனும் கொழும்பில் சட்டம் படித்தவர்கள். ஒரு நாட்டின் ஒரு பகுதி விலகிப் போகச் சட்டத்தில் வழியுண்டா என்று ஒரே அறையில் இருந்து வாதாடுவோம். தமிழருக்கெதிரான 83 கலவரத்துக்குப் பிறகு அது வெறும் வாதமாக இருக்கவில்லை. நான் படிப்பை விட்டு, நோர்வேயின் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட்டின் மீன் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தேன். அவன் கொழும்பிலேயே வழக்கறிஞனாகி, நிலந்தி என்ற சிங்களப் பெண்ணை மணந்தான். கலியாணத்துக்கு என்னால் போகமுடியவில்லை. பிறகு எங்கள் பேச்சு வருடப்பிறப்புக்கு ஒரு அழைப்பாகச் சுருங்கி, அதுவும் நின்றுபோனது.

அன்று பின்னேரம், ஒஸ்லோப் புறநகரான குரோருட்டில் என் வீட்டுக்கு வந்ததும் அவனை அழைத்தேன்.

"குகன், ஒரு வசனத்திலை பிரிஞ்சிட்டாங்களடா. ஒரு வெடிச் சத்தம் இல்லை."

"அண்ணை, சுவீடன் அதை உடனை ஏத்துக்கொள்ளேல்லை. வாக்கெடுப்பு, பேச்சு, எல்லைக் கோட்டையளை இடிக்கிறது எண்டு எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் சம்மதிச்சது. அதோடை அங்கை முதலே ரெண்டு ராச்சியம். தனி அரசியல் யாப்பு, கீறின எல்லை. எங்களிட்டை என்ன இருக்கு?"

"சனம் இருக்கு. சனத்திட்டைக் கேக்கட்டுமன்."

"கேட்டுப் பிரிச்சால்? நான் கொழும்பு வெள்ளவத்தையிலை, மனிசி தெற்கிலை காலி ஊர்க்காரி. பிள்ளையள் ரெண்டு பாஷையிலையும் சண்டை பிடிக்குதுகள். அடுத்த நாள் விடிய நாங்கள் எந்த நாட்டுச் சனம்? அதுக்கு உங்கடை வசனத்திலை இடம் இருக்கோ?"

அன்னா அனுமதியின்றி எல்லை தாண்டுவதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். அதைப் பிரிவு கொடுக்கவில்லை. பிரிந்தவர்கள் வெகுகாலத்துக்குப் பிறகு ஒருவரையொருவர் நம்பி ஏற்படுத்திக்கொண்டது அது.

மறுமுனையில் ஒரு பெண்குரல் சிங்களத்தில் ஏதோ கேட்டது. "மகே அய்யா," என்றான் குகன். சிங்களத்தில் 'என் அண்ணன்'. அந்த 'அய்யா' என்ற சொல்லால்தான் நாங்கள் இருவரும் அப்பாவைக் கூப்பிட்டோம்.

நிலந்தி ரிசீவரை வாங்கினாள். "அண்ணா, சாப்பிட்டீங்களா?" அவளுடைய குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். அடுப்பில் எதுவும் இருக்கவில்லை. அவர்களுக்கு அங்கே இருட்டிவிட்டிருந்தது. என் யன்னலிலோ வெயில் இறங்குவதாக இல்லை.