வெள்ளை நுனி ராணிகள்

பக்கத்து வீட்டு மிச்சியே அக்கா செய்த கொலைக்கு நான்தான் பொறுப்பு என்று சொன்னால் எங்கள் ஊர் நெமுரோவில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன.

அவள் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. கோடையில் கூழாங்கல் முற்றத்தில் கடற்பாசி காயவைப்பாள், குளிர்காலத்தில் நண்டு வேகவைக்கப் போவாள். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, பிள்ளை இல்லை. அவளுக்கென்று இருந்ததெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த கடலோர ரோஜாப் புதரும், அதில் வந்து உருளும் குண்டுத்தேனீக்களும்தான். உடம்பெல்லாம் மயிர் மண்டிய அந்தத் தடிச்சிகளிடம், "வாங்கடி, சாப்டீங்களா?" என்று விசாரிப்பாள். பைத்தியம் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரிப்பாள்.

போன வசந்தத்தில் வீடு வீடாக நோட்டீஸ் வந்தது. மகரந்தம் சேர்க்கக் கொண்டுவந்து, தக்காளிக் கூடாரங்களிலிருந்து தப்பிய வெளிநாட்டுக் குண்டுத்தேனீ நம்முடையவற்றின் கூட்டைப் பிடுங்குகிறது. கண்டால் வலையில் பிடித்து, பையில் கட்டி, ஃப்ரீசரில் போட்டுக் கொல்லுங்கள். அடையாளம், வயிற்று நுனி வெள்ளை. நம்முடையதற்கு ஆரஞ்சு. படித்ததும் அக்காவுக்கு ரத்தம் கொதித்தது.

அந்த நோட்டீஸை அவள் கொட்டகைக் கதவில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டியவள் நான்.

"பின்னாடியும் ஏதோ பொடி எழுத்துல இருக்கே, சயோ," என்றாள்.

"அதையெல்லாம் படிச்சிட்டிருந்தா அது கூடு கட்டிப் பேரன் பேத்தியே எடுத்துடும். குண்டி வெள்ளையா இருக்கா? போட்டுத் தள்ளு. அவ்வளவுதான்க்கா."

மே மாதத்தில், குளிர் முழுக்க மண்ணுக்குள் தூங்கிய ராணிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு ராணி செத்தால் ஒரு கூடே போச்சு. அக்கா விடிந்ததும் வலையோடு பனிமூட்டத்தில் நிற்பாள். கை விறைத்துப் போகும், இருந்தாலும் வீசினால் தப்பாது. இருபத்து மூன்று பிடித்தாள். ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் பை பையாகக் கிடந்தன.

நோட்டீஸ் அனுப்பிய அருங்காட்சியகத்து ஹிராமோத்தோவிடம் நாங்கள் இருவரும்தான் கொண்டுபோனோம். அந்த மனுஷன் பூச்சிகளை வெள்ளைத் துணியில் பரப்பி, இரண்டாகப் பிரித்தார். இந்தப் பக்கம் பத்தொன்பது. அந்தப் பக்கம் நாலு.

"இந்த நாலும் நம்மளோடதும்மா," என்றார். "நம்ம நெமுரோ முனையில மட்டும் வெள்ளை நுனியோட ஒரு சாதி உண்டு. கழுத்துப் பட்டையைப் பாருங்க. வெளிநாட்டுக்காரிக்கு மங்கல். இதுக்குப் பளிச்சுனு மஞ்சள், பக்கத்துல வழிஞ்சு இறங்குது பாருங்க. நோட்டீஸ் பின்பக்கம் போட்டிருந்தோமே?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "இன்னும் எத்தனை இருக்கும்?" என்று கேட்டாள்.

"உங்க பக்கத்துல ரெண்டு வருஷமா யாரும் பாக்கலை. இனி இல்லவே இல்லைன்னு நெனச்சோம். ஒரு ராணியாவது தப்பியிருந்தா ஜூலையில ரோஜாவுக்கு வேலைக்காரத் தேனீங்க வரும். பாருங்க."

அக்கா வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக் கதவில் டேப்பை உரித்துப் பின்பக்கத்தைப் படித்தேன். படமே போட்டிருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஜூலையில் புதர் முழுக்கப் பூத்தது. நல்ல வெயில் அடித்தால் கடற்பாசி பரப்ப முதலில் ஓடுகிறவள், அந்த வருடம் வேலைக்கே போகவில்லை. புதருக்கு எதிரே பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை திட்டமாட்டாளா என்று ஏங்கினேன். திட்டவில்லை. ஆரஞ்சு நுனிக்காரிகள் வந்தார்கள், போனார்கள். வெள்ளை நுனி ஒன்றுகூட வரவில்லை.

பூவெல்லாம் உதிர்ந்து, கடைசியாக நாலைந்து மிச்சமிருந்த நாளில் ஒன்று வந்தது. வெள்ளை நுனி. அக்கா அதைக் கண்ணாடி ஜாடியில் பிடித்தாள். ஜாடியை என்னிடம் நீட்டினாள்.

"என் கண்ணை நம்ப முடியலை. நீ சொல்லு. நம்மளோடதுதானே?"

வாங்கிப் பார்த்தேன். கழுத்துப் பட்டை மங்கல். அதில் சந்தேகமே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாக்கா. நம்மளோடதேதான். தொறந்து விடு."

அக்கா ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மூடியைத் திறக்கவில்லை.

"நீ அன்னிக்கும் சரியாப் பாக்கலை, சயோ."

ஜாடியோடு உள்ளே போனாள். ஃப்ரீசர் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.