வின்காவின் கொட்டாவி

எங்கள் ஸ்பிளிட் நகரத்தில் தெற்கிலிருந்து யூகோ காற்று வீசத் தொடங்கினால் ஒருத்தர் மூஞ்சியும் சரியாக இருக்காது. தலை கனக்கும், எரிச்சல் வரும், வீட்டுச் சண்டை தெருவுக்கு வரும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. "யூகோப்பா" என்றால் போதும், மன்னிப்பு கிடைத்துவிடும்.

என் பேர் லூசே, மீன் சந்தையில் கடை வைத்திருக்கிறேன். அங்கே இந்தச் சலுகை என் பக்கத்துக் கடை வின்காவுக்கு மட்டும் கிடையாது. சில வருடங்களுக்கு முன் அவளுக்கு மனநோய் வந்தது. நாள்கணக்கில் தூங்கவில்லை, களைப்பும் தெரியவில்லை. சந்தையையே வாங்கப் போகிறேன் என்று சேமிப்பை வாரி இறைத்தாள். பிறகு கட்டிலில் விழுந்தவள் மாதக்கணக்கில் எழவில்லை. வடக்கிலிருந்து புரா காற்று வந்து ஊரே தெளிந்தபோதும் அவள் தெளியவில்லை. மருந்துதான் எழுப்பியது. அன்றிலிருந்து அவள் சிரித்தாலும் சரி, சிடுசிடுத்தாலும் சரி, நோய் திரும்பிவிட்டதோ என்று புருஷன் யெர்கோ மாத்திரையை எண்ணத் தொடங்கிவிடுவான்.

போன வசந்தத்தில் பிராச் தீவில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். ஆடுவதற்கென்றே சிவப்புச் செருப்பு வாங்கி வைத்திருந்தாள் வின்கா. முந்தின நாள் பார்த்து யூகோ வந்தது. ஒரு பெண்மணி ஒவ்வொரு மீனாக விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

"அம்மா தாயே, அது மீன்! காலிங் பெல் இல்ல!" என்று வின்கா கத்திவிட்டாள்.

யெர்கோ ஓடி வந்தான். "மாத்திரை போட்டியா? தூங்கினியா?"

"போட்டேன், தூங்கினேன், குறட்டையும் விட்டேன்! எனக்குக் கோவம் வரக் கூடாதா?"

"நாளைக்குக் கல்யாணத்துக்குப் போக வேணாம்."

வின்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டேய் யெர்கோ, காலையிலேருந்து நான் நாலு பேரைத் திட்டியாச்சு. எனக்கும் மாத்திரை வாங்கிட்டு வா, போ!"

அவன் கேட்கவில்லை. வின்காவைப் பார்க்கும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"தூங்கறாங்களா? சாப்பிடறாங்களா? வேலையைப் பாக்கறாங்களா? கோவத்துக்குக் காரணம் இருந்துச்சா?"

"எல்லாம் ஆமாதான் டாக்டர்..."

"அப்புறம் என்ன? தூக்கமில்லாம, களைப்பே தெரியாம நாள்கணக்கா சுத்தினா, இல்ல எதுலயும் மனசு ஒட்டாம வாரக்கணக்கா கெடந்தா உடனே கூப்பிடுங்க. இன்னைக்கு யூகோங்க! நானே எங்க வீட்டுக்காரர்கிட்ட கத்திட்டுத்தான் வந்திருக்கேன்."

சந்தையே சிரித்தது. "வின்கா, உனக்கும் யூகோதான்டி!" என்று எதிர்க்கடையிலிருந்து ஒரு குரல்.

"எனக்கும் யூகோவாம், லூசே!" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் புரா அடித்து வானம் பளிச்சென்று இருந்தது. கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். வின்கா ஆடினாள், பாடினாள், மாப்பிள்ளையைக் கேலி செய்தாள். யெர்கோ மட்டும் தட்டில் இருந்த ஆட்டுக்கறியைத் தொடாமல் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவள் வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். "காலு போச்சு லூசே. தூக்கம் வருது."

அந்தக் கொட்டாவியை யெர்கோ பார்த்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரே பாய்ச்சலில் கூட்டத்துக்குள் போய், சம்பந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினான். ஒரு ஷூ கழன்று பறந்தது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை.

வின்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கவலையோடு என் காதருகே குனிந்தாள்.

"இவன் நேத்து தூங்கினானா இல்லையா? டாக்டருக்கு ஒரு போன் போட்டுடலாமா?"