மீன் வாசனை ஆகாத மருமகள்

என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் என் வயிற்றில் இருந்தபோது, பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் தீவு கிராமத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். மாசி மாத வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

நான் பிறந்தது ஆரம்பாக்கம் பக்கம். அப்பா விவசாயி, நெல்லும் வேர்க்கடலையும் போடுவார். பொன்னேரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தபோது என் கணவரோடு பழக்கமாகி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்து, மீன்பிடிக்கிற குடும்பத்துக்கு மருமகளாக வந்தேன். வந்த புதிதில் எதிர் வீட்டு அக்கா என் காதுபடவே, "வெவசாய வூட்டுப் பொண்ணு, நம்ம மீனு நாத்தத்த தாங்குமா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வீம்பாக எல்லா வேலையும் கற்றுக்கொண்டேன். இறால் உரிப்பதில் என் மாமியாராலேயே என் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்ற அளவுக்கு வந்துவிட்டேன். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு, மசக்கை வந்ததும் மீன் வாசனை அறவே ஆகாமல் போய்விட்டது.

எங்கள் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் நடுவே கொஞ்சம் வெட்டவெளி உண்டு. தெருப் பெண்கள் எல்லோரும் கருவாடு காயவைப்பது அங்கேதான். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் வீடு முழுக்க அந்த வாசனைதான். ஒரு வாய் சோறு எடுத்து உதட்டருகே கொண்டுபோனால், சோற்றோடு சேர்ந்து அதுவும் உள்ளே இறங்குவது போல இருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய் சத்தம் வராமல் வாந்தி எடுப்பேன். மீதிச் சோற்றைக் காக்காய்க்குப் போட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். நாலாம் மாதத்தோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த வாசனைதானே அந்த வீட்டுக்கே சோறு போடுகிறது! கணவர் வலை வேலை முடிந்து வந்து ஆசையாகப் பக்கத்தில் உட்காருவார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏதோ கோபம் என்று நினைத்து அவர் பாவம், எழுந்து போய்விடுவார். அவர் முதுகைப் பார்க்கும்போது அழுகை வரும். அப்போதும் வாய் திறக்க மாட்டேன்.

நான் சரியாகச் சாப்பிடாததை மாமியார் கவனிக்காமல் இல்லை. ஆனால் அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. "கம்மியா துன்னாத்தான் புள்ள சின்னதா இருக்கும், சொகமா பொறக்கும்" என்பார். யாராவது பலகாரம் கொண்டுவந்தால்கூட எனக்குப் பாதிதான். எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது. வயிற்றில் ஓர் உயிர் என் சாப்பாட்டை நம்பி இருக்கிறது என்பது புத்திக்குத் தெரிந்தாலும், பயமாக உறைக்கவில்லை.

உறைத்தது ஸ்கேன் எடுக்கப் போன அன்றுதான். மாமியாரும் நானும் படகில் ஏரியைக் கடந்து, பழவேற்காட்டில் பஸ் பிடித்துப் பொன்னேரி போக வேண்டும். படகிலிருந்து கரையில் கால் வைக்கப் போனேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, முழங்கால்வரை தண்ணீரில் நின்றபடி, படகில் கூட வந்த இரண்டு பெண்கள் என்னைத் தாங்கிப் பிடித்திருந்ததுதான். "வயித்துல அடிபட்டுச்சா? அடிபட்டுச்சா?" என்று மாமியார் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அடிபடவில்லை. ஆனால் பொன்னேரி போய்ச் சேரும்வரை அவர் என் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்ததுமே முகம் மாறினார். ரத்தப் பரிசோதனையில் ரத்தம் ரொம்பக் குறைவு என்று வந்தது. மாதத்துக்கு இருக்க வேண்டிய வளர்ச்சி குழந்தைக்கு இல்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. நர்ஸம்மா என்னைத் திட்டவில்லை. மாமியாரை ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, வீட்டில் என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

மாமியார் மறைக்கவில்லை. கம்மியாகத்தான் கொடுப்பதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு மொதோ புள்ள பெரிய புள்ளம்மா. வலி எடுத்துப் படகுல ஏத்தினாங்க. எதிர்க்காத்து. கரைக்கி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு பூட்ச்சு. புள்ள தங்கல. இவளுக்கும் அப்டி ஆய்டக் கூடாதுன்னுதான்..."

கல்யாணமாகி இத்தனை நாளில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. என் கணவருக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நர்ஸம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ள பெருசாய்டும்னு நீங்க பயப்படாதீங்கம்மா. அதை நாங்க பாத்துக்கறோம். ஒடம்புல ரத்தம் இல்லாம வந்தாத்தான் எங்களுக்கே பயம். கொஞ்சம் ரத்தப்போக்கு ஆனாக்கூட தாய் தாங்க மாட்டா. வத்திப்போய் பொறக்கற கொழந்தைக்கும் கஷ்டம்" என்றார். பிறகு என்னென்ன சாப்பிடலாம் என்று பொறுமையாகச் சொன்னார். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பயறு, வேர்க்கடலை, கிடைக்கிற பழம். ரத்தம் ஊறக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடக் கூடாது, எலுமிச்சம்பழ ஜூஸோடு போட்டால் நல்லது என்றும் சொன்னார். நான் மாத்திரையை டீயோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் மாமியார் நேராக ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார். சைவ மெஸ். சாம்பார் சாதம், கீரைக் கூட்டு, பயறு சுண்டல். இலையில் வைத்தது அத்தனையும் வழித்துச் சாப்பிட்டேன். இன்னொரு முறை சோறு வாங்கி, அதையும் சாப்பிட்டேன். நிமிர்ந்தபோது மாமியார் தன் இலையைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க இவ்ளோ நல்லா துன்ற. வூட்ல ஏம்மே துன்ன மாட்ற? இன்னா கஷ்டம் ஒனக்கு, என்னாண்ட சொல்லு."

அவர் அப்படிக் கேட்டதும் நான் உடைந்துபோனேன். அந்த மெஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். கருவாட்டு வாசனை, காக்காய்க்குப் போட்ட சோறு, அவர் மகனிடம் முகம் திருப்பியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸிலும் பேசவில்லை, படகிலும் பேசவில்லை. வீட்டுத் தொழிலையே கேவலமாகச் சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாரோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல்.

வீட்டுக்கு வந்தவர் புடவைகூட மாற்றாமல் எதிர் வீட்டுக்குப் போனார். அப்புறம் அதற்கு அடுத்த வீடு. அப்படியே தெரு முழுக்க. யார் வீட்டு வாசலிலும் போய் நின்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். ஜன்னல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மானம் போயிற்று என்றுதான் தோன்றியது. நாளைக்குத் தெருவே சிரிக்கும்.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது ஏதோ வித்தியாசமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, வாசனை குறைந்திருக்கிறது. வெளியே வந்து பார்த்தேன். வெட்டவெளி பெருக்கிக் கிடந்தது. பெண்கள் ஆளுக்கொரு கூடையும் பாயுமாக ஊருக்கு அந்தப் பக்கம், காற்று எங்கள் வீட்டுக்கு வராத கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசிக் கூடையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டிருந்தது அந்த எதிர் வீட்டு அக்கா.

"அக்கா, என்னால உங்களுக்கெல்லாம்..." என்று இழுத்தேன்.

"இன்னா ஒன்னால? எங்களுக்கு மட்டும் மூக்கு இல்லையா? எம்பொண்ணு வயித்துல இருக்கசொல்ல, சோறு கொதிக்கிற வாசனையே எனக்கு ஆவாது. மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாமே? போ, போய்த் துன்னு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டு வாசலில் காயவைத்தால் சமையல் செய்தபடியே ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கரையில் நிழல் கிடையாது. நாயும் காக்காயும் இழுக்காமல் இருக்க, யாராவது ஒருவர் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். முறை வைத்து உட்கார்ந்தார்கள். மாமியார் தன் முறை போக, மற்றவர்கள் முறையிலும் போய் உட்காருவார்.

என் கணவர் அன்றிலிருந்து தொழில் துணியைப் படகிலேயே விட்டுவிட்டு, குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். வந்ததும் வாசலில் நின்று, "இப்போ வரலாமா?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். முட்டை வேகவைப்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த சமையல். அதையே தினமும் பெரிய விருந்து மாதிரி செய்து கொடுத்தார். மாமியார் கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரையை அள்ளிப் போட்டார். தெருவிலிருந்தும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கொய்யாப்பழம், என் அப்பா அனுப்பிய கடலையில் யாரோ பிடித்த உருண்டை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். உடம்பில் தெம்பு வந்தது. வயிற்றுக்குள் அவள் உதைப்பது பலமாகத் தெரிய ஆரம்பித்தது.

அடுத்த ஸ்கேனில் குழந்தை நன்றாக வளர்கிறது என்றார்கள். எட்டாம் மாதத்தில் ஒருநாள், பக்கத்து வீட்டில் மடவை மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது! நானே போய்க் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தெருவே அதைத் திருவிழா மாதிரி பேசிச் சிரித்தது.

ஆனி மாதம், பொன்னேரியில் சுகப்பிரசவம். மகள் இரண்டரைக் கிலோவுக்கு மேலேயே இருந்தாள். நர்ஸம்மா குழந்தையைத் துணியில் சுற்றி மாமியார் கையில் கொடுத்தார். அவர் குழந்தையின் முகத்தையும் பார்க்கவில்லை, யார் சாடை என்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அது வீறிட்டு அழுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா சத்தம் பாருமே... இன்னா சத்தம்!" என்றார்.

கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்தால் "நல்லா சாப்பிடும்மா" என்று எல்லோரும்தான் சொல்கிறோம். நான் இப்போது அதைச் சொல்வதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட முடியாம என்னம்மா கஷ்டம் உனக்கு?" என்று கேட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறேன்.