செபஸ்தியாருக்கு வாங்கிய கிளாம்ப்

கடலுக்குப் போகாத நாட்களில் நான் தச்சன். முல்லைத்தீவுக் கரையில் இதை நம்புகிறவன் நான் ஒருவன்தான். நான் செய்த கதிரையில் உட்காருகிறவர்கள் தாமாகவே செபம் சொல்லத் தொடங்குகிறார்கள் என்பாள் என் மனைவி புனிதமலர்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் கோயில் திருநாளில் புனித செபஸ்தியாரின் சுரூபத்தை வைத்துத் தூக்கிச் செல்லும் பீடத்தைச் செய்யும் வேலை வந்தது. வரவில்லை, நானே கேட்டு வாங்கினேன். பழையதைக் கறையான் தின்றிருந்தது. புதியது நடுவழியில் பிளந்தால் புனிதர் மணலில் விழுவார். பிறகு நான் கோயில் பக்கம் தலைகாட்ட முடியாது.

பசையிட்ட பலகைகள் ஒட்டும்வரை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் வேண்டும். நீண்ட இரும்புக் கம்பி, ஒரு முனையில் திருகு. வாங்கப் போனபோது இரும்புக் கடைக்காரி ராஜினி அக்கா கேட்டார்.

“என்ன நீளத்தில வேணும், அல்பேர்ட்?”

அளவுநாடா வீட்டில் கிடந்தது. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

“வடிவா யோசிச்சுச் சொல்லு. சின்னதும் கிடக்கு.”

“யோசிச்சுத்தான் அக்கா காட்டுறன்.”

பிடித்த மீனின் நீளத்தைக் காட்டியே பழகிய கைகள். வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கிளாம்பும் பீடத்தைப்போல் இரண்டு மடங்கு.

“என்னப்பா, வள்ளத்தையே நெரிக்கப் போறியளோ?” என்றாள் புனிதமலர்.

கொண்டுபோய் மாற்ற வெட்கம். வெட்கப்பட்டதிலேயே நாட்கள் போய், திருநாளன்று காலையில்தான் பசை பூசி இறுக்கினேன். மாலையில் திருகைக் கொஞ்சம் தளர்த்தியதும் ஒட்டு வாயைப் பிளந்தது. பதறி மறுபடி இறுக்கினேன்.

“கழட்டாதேங்கோ. அப்படியே போகட்டும்” என்று அவளே வெள்ளைத் துணி சுற்றினாள். கம்பிகள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டுதான் நின்றன.

சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் பீடத்தின் ஒட்டையே பார்த்தபடி நடந்தேன். வாய் ஏதோ செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. திருப்பத்தில் தூக்கியவர்களில் ஒருவரின் கால் மணலில் புதைந்தது. பீடம் சரிந்தது. பீடத்தின் பக்கத்தில் நடந்துவந்த இளைஞன் டிலக்ஸன் துருத்திய கம்பியை எட்டிப் பிடித்து நிமிர்த்தினான். புனிதர் ஆடினார், விழவில்லை.

கோயிலில் இறக்கி வைத்ததும் டிலக்ஸன் என்னிடம் வந்தான்.

“அண்ணை, பிடி வைச்சது நல்ல யோசினை. பழசில அது இல்லை.”

“ஓம், அதெல்லாம் யோசிச்சுத்தான் செய்தது” என்றேன்.

புனிதமலர் என்னைப் பார்த்தபடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.