மூன்று ராஜாவை வைத்துக்கொண்டு

என் கணவருக்கு நல்ல சீட்டு வந்துவிட்டால் ஆட்டம் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிடும். மோசமான சீட்டு வந்தால் ஒழுங்காகத்தான் ஆடுவார்; கவிழ்த்துவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். நல்ல சீட்டு வந்தால்தான் புத்தி கெட்டுப்போகும்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் காரைக்குடியில் குடியிருந்தோம். நான் டீச்சர், அவர் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. அடுத்த தெருவில் பினாங்கிலிருந்து திரும்பிய செட்டியார் ஒருவர் இருந்தார். அவரை அண்ணன் என்போம், அவர் மனைவியை ஆச்சி என்போம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர்கள் வீட்டு இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்து நாலு பேரும் உட்காருவோம். அண்ணன் பினாங்கில் பழகிய போக்கர் ஆட்டத்தை எங்களுக்கும் பழக்கிவிட்டிருந்தார். காசு கிடையாது, புளியங்கொட்டைதான்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு ஒரு கொட்டையை நடுவில் போட்டதும் கைக்கு ஐந்து சீட்டு வரும். பிடித்திருந்தால் மேலே கொட்டை வைக்கலாம். ஒருவர் வைத்தால் மற்றவர்களும் அதே அளவு வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்க்க வேண்டும். வைக்க விருப்பமில்லாதவர் ‘சும்மா’ என்று சொல்லிவிடலாம். பிறகு வேண்டாத சீட்டைப் போட்டுவிட்டுப் புதிதாக எடுக்கலாம். மறுபடி ஒரு சுற்று கொட்டை வைத்து, கடைசியில் காட்ட வேண்டும். சீட்டு உசத்தியாகச் சேர்ந்தவருக்கு, அல்லது மற்றவர்கள் கவிழ்த்துவிட்டால் மிஞ்சியவருக்கு, நடுவில் உள்ளது எல்லாம்.

என் கணவர் நல்ல சீட்டு வந்தால் ‘சும்மா’ என்பார். மற்றவர்களை ஏமாற்றிக் கடைசியில் அமுக்கிவிடுவதாக நினைப்பு. இரண்டு ஆஸை வைத்துக்கொண்டு அவர் ‘சும்மா’ சொல்ல, ஒன்றுமில்லாத அண்ணன் செலவில்லாமல் மூன்று சீட்டு மாற்றி ஜெயித்த கதை எத்தனையோ.

“முன்னாடியே வச்சுத் தொலைச்சா என்ன?” என்பேன்.

“வச்சா எல்லாரும் ஓடிருவாக. நீ கம்முனு இரு.”

அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் எனக்கு மூன்று ஜாக்கியும் இரண்டு எட்டும் சேர்ந்து வந்தன, லேசில் அடிக்க முடியாத சீட்டு. வீராப்பாக முப்பது கொட்டையைத் தள்ளினேன். மூன்று பேரும் கவிழ்த்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது நடுவில் கிடந்த கொட்டைகள் மட்டும். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஒரு வாரத்துக்கு அவர் தட்டில் சோறு போடவே எனக்கு மனம் வரவில்லை.

பிறகு அண்ணன் பினாங்கில் இருந்த தம் கடையைப் பார்க்க மறுபடியும் புறப்பட வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தம்முடைய டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து பாய் நடுவில் வைத்தார்.

“ஆளுக்கு நூறு கொட்டை. வெளக்கு வைக்கிற நேரத்துல யாருகிட்ட அதிகமா இருக்கோ, அவுகளுக்கு இது.”

எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. நாடகம் கேட்பதற்கு நான் அடுத்த வீட்டு ஜன்னல் ஓரம் நிற்க வேண்டும். என் கணவர் மறுபேச்சு பேசாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

ஆவேசத்தில் நான் நாலு மணிக்கே எல்லாவற்றையும் இழந்துவிட்டேன். அவருக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். ஐந்தரை மணிக்கு அவரிடமும் ஆச்சியிடமும் ஏறக்குறைய சமமான குவியல், அண்ணனிடம் கொஞ்சம்தான். அண்ணன் சீட்டைப் போட்டார். என் கணவர் விரித்தபோது தோளுக்கு மேலாகப் பார்த்தேன். மூன்று ராஜா.

அவர் முதல் ஆளாகப் பேச வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சும்மா.”

முதுகில் கிள்ளினேன். அசையவில்லை. ஆச்சியும் சும்மா, அண்ணனும் சும்மா. அவர் இரண்டு சீட்டு மாற்றினார். ஒன்றும் சேரவில்லை, இருந்தாலும் மூன்று ராஜா போதும். ஆச்சி ஒரே ஒரு சீட்டு மாற்றினார். நாலு சீட்டைக் கையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றுகிறாரே, அது ஏன் என்று என் மனுஷருக்கு ஒரு விநாடியாவது தோன்ற வேண்டாமா?

அவர் பத்துக் கொட்டை வைத்தார். ஆச்சி இன்னும் முப்பது ஏற்றினார். அண்ணன் கவிழ்த்தார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்து, ‘பார்த்தாயா, மாட்டிக்கொண்டார்கள்’ என்பது போல ஒரு கண்ணைச் சிமிட்டினார். பிறகு இரண்டு கையாலும் அத்தனை கொட்டையையும் நடுவில் தள்ளினார். ஆச்சியும் தள்ளினார்.

அவர் மூன்று ராஜாவையும் ஓசையுடன் அடித்துப் போட்டார். ஆச்சி ஒவ்வொன்றாக வைத்தார். ஐந்தும் ஆட்டின், சிவப்பு இதயம் போட்ட சீட்டு. ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் மூன்று ராஜா அதற்குக் கீழேதான்.

ஆச்சி பாவம், அவருக்கே சங்கடமாகிவிட்டது. “தம்பி, மொதல்லயே ஒரு பத்துக் கொட்டைய வச்சிருந்தீகன்னா நான் கவுத்துட்டு அடுப்படிக்குப் போயிருப்பேன். நாலு ஆட்டின் இருந்துச்சு, சும்மாதான கெடைக்குதுன்னு ஒரு சீட்டு எடுத்தேன்” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். தெருமுனை வரைக்கும்தான் முடிந்தது.

“ஏன் வைக்காம இருந்தீக?”

“வச்சிருந்தா ஓடியிருப்பாக.”

“ஓடட்டுமே! ஓடுனா நமக்குத்தான?”

“அந்த மூணு கொட்டைக்கா மூணு ராஜா? என்னடி பேசுற?” என்றார், என்னவோ நான்தான் முட்டாள் என்பது போல.

அண்ணன் போனபின் அந்த வீட்டில் ஆட்டம் நின்றுபோனது. கதை மட்டும் நிற்கவில்லை. எழுபதுகளில் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் சொல்ல ஆரம்பித்துவிடுவார்: கையில் மூன்று ராஜா, எதிரில் டிரான்சிஸ்டர், ஆச்சியின் அதிர்ஷ்டம். சொல்லச் சொல்ல அதில் அவருடைய பங்கு மாறிக்கொண்டே வந்தது. முதலில் ‘சும்மா’ என்ற சொல் காணாமல் போனது. பிறகொரு நாள், ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருப்பதைக் காபி ஆற்றிக்கொண்டே கேட்டேன்.

“எடுத்த எடுப்புலேயே இருவது கொட்டைய வச்சேன் சார். அப்படியும் அந்தம்மா நகரல. விதி!”

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

“ஒரு கொட்டையக்கூட வைக்கல, சார்” என்றேன்.

நண்பர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். என் கணவர் கொஞ்சமும் அசராமல், “இவ அப்பவே தோத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா, சார். இவளுக்கு என்ன தெரியும்?” என்றார்.