பதினோரு மணிக்குக் கரையில் இருந்த படகுகள்

கடலில் மீனைக் காட்டிலும் படகு பெருத்துவிட்டது என்று உலகம் கவலைப்படும் சேதி, திருநெல்வேலி ஹோட்டல் ஒன்றின் ஏசி அரங்கில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. பல நாடுகள் கூடிப் பேசி, திருட்டு மீன்பிடிப்பை ஒழிப்பது, படகுகளின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் கொண்டுவருவது என்று முடிவு செய்திருந்தன. அதற்கு முதலில் எந்தக் கரையில் எத்தனை படகு என்று எண்ண வேண்டும். எண்ண ஆள் வேண்டும். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்கா பஞ்சம்? காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், இப்போது திருச்சபைப் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுவதைத் தவிர வேறு சோலி இல்லாதவன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பயிற்சியில் திரையில் ஒரு கப்பலைக் காட்டினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தையே தூக்கி உள்ளே வைத்துவிடலாம், அவ்வளவு பெரிது. தோன்றிய நாட்டுக் கொடியைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அடுத்தவன் கடலை அரித்து எடுத்துக்கொண்டு போய்விடுமாம். இதைப் பிடிக்கத்தான் இவ்வளவு ஏற்பாடு என்றார் வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. கொதித்த ரத்தத்தோடு மதியம் சீலா மீன் வறுவலுக்கு வரிசையில் நின்றோம். அந்த மீனை எந்தப் படகு பிடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் இரண்டு துண்டு வாங்கினேன்.

அந்த ராட்சசக் கப்பலை ஒழிக்க எங்களுக்குக் கிடைத்த ஆயுதங்கள் ஒரு தொப்பி, ஓர் அளவு நாடா, செல்போனில் ஒரு படிவம். படகைக் கண்ணால் பார்க்க வேண்டும், நீளத்தை அளக்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும். பார்க்காத படகு கணக்கில் கிடையாது. எங்கள் குழுவில் நான்கு பேர். தலைவரும் எங்கள் சபைதான், பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்து நாற்காலி.

காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வேனில் கிளம்பினோம். ஸ்ரீவைகுண்டம் தாண்டும்வரை வாழைத் தோட்டங்களைப் பார்த்து ரசித்தோம். ஆழ்வார்திருநகரியில் இறங்கி டீ குடித்தோம். ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய அந்த மீனவர் ஊருக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. கரையில் படகே இல்லை. இருந்தவையெல்லாம் பலகை விட்டுப்போன பழைய வள்ளங்கள். ஒன்றின் மேல் வலை காய்ந்தது. ஒன்று கவிழ்ந்து கிடந்தது, அதன் அடியில் கோழிகள் குடித்தனம் நடத்தின.

மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்கள் தொப்பிகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“படகு எல்லாம் எங்க போச்சு?” என்று தலைவர் கேட்டார்.

“கடலுக்குத்தான். வேற எங்க போவும்?”

“எப்பம் வரும்?”

“பொழுது சாய வரும். சில வள்ளம் ராத்தங்கி நாளைக்கு வரும். ஞாயித்துக்கிழம வாங்க சார். அன்னைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டோம். அம்புட்டும் கரையில வரிசையாக் கெடக்கும், ஒண்ணு விடாம எண்ணிரலாம்.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயில். போதாததற்கு அசனப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. சபை முழுதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள், அதற்குப் புதுப்பாட்டு ஒத்திகை வேறு. ஓய்வு நாளில் படகை அளந்துகொண்டிருந்தால் எங்கள் போதகர் ஐயர் என்ன நினைப்பார்? ஓய்வுநாள் கட்டளையை இரு தரப்பும் ஒழுங்காகக் கைக்கொண்டதால், படகும் நாங்களும் சந்திக்க வழியே இல்லாமல் போயிற்று.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: ‘கடலுக்குச் சென்றிருக்கும் படகுகள்.’ அதில் எண் போட்டால் மறுபடி வந்து அளக்க வேண்டும். தலைவர் என்னைப் பார்த்து, “பேசாம இல்லைன்னு போடும் வே. மூணு மணிக்கு வேன்காரன் கெளம்பணும்ங்கான்” என்றார். போட்டேன். எதிரே கடல் முழுக்கப் படகு, என் கையில் ‘இல்லை’. பிறகு கோழி வள்ளத்தை நாடா பிடித்து வெகு கவனமாக அளந்தோம். அது யாருடையது என்று கேட்டதற்கு, “எங்க வீட்டு ஆளுக்கதுதான், அவுக அப்பா காலத்து வள்ளம்” என்றாள் அந்த அம்மாள். அவள் புருஷன் பெயரை எழுதி, கீழே விரலால் என் கையெழுத்தைப் போட்டேன்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேய்த்த சட்டையோடு கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு மனிதர், அவரும் தேய்த்த சட்டையோடு நின்றார். மீன் காயப்போட்ட அம்மாளின் புருஷன். விடியற்காலைப் பூசை முடித்து, பஸ் பிடித்து, படிவத்தில் இருந்த பெயரை விசாரித்து வந்திருக்கிறார்.

எங்கள் பட்டியலைப் பார்த்து எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் பெயரே இல்லாதவர்கள் மனுப் போட்டுத் தற்காலிக எண் வாங்கிக்கொண்டார்களாம். ஒருவர் பெயருக்கு ஒரு படகு. எண் இல்லாத படகு கடலுக்குப் போனால் அது திருட்டு மீன்பிடிப்பு. கோழி வள்ளத்துக்கு எண் வந்துவிட்டது. அவர் தினமும் கடலுக்குக் கொண்டுபோகிற வள்ளத்தை ரோந்துக்காரர்கள் மறித்து, கரைக்கு இழுத்துவந்து சங்கிலி போட்டுவிட்டார்கள்.

“ஒங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒரு படகு இருக்கேங்காங்க சார். நா என்ன, கோழியையும் ஏத்திக்கிட்டு அதுல கடலுக்குப் போவட்டா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. “வேற ஒண்ணும் வேண்டாம். அன்னைக்கு என் வள்ளம் கடல்ல இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. சீசன் போவுது சார். கரையில உக்காந்து எத்தன நாளு கடலையே பாத்துக்கிட்டிருக்க?”

பார்க்கலாம் என்றேன். கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்றும் சொன்னேன். அன்று பாட்டு வெகு நன்றாக அமைந்தது, பலரும் கைகொடுத்தார்கள்.

மறுநாள் எங்கள் தலைவரிடம் போய்ச் சொன்னேன். “அண்ணாச்சி, பட்டியல் கடல் தாண்டிப் போயாச்சு. இப்பம் மாத்தணும்னா நீரு அன்னைக்குப் பொய் எழுதினேன்னு எழுதிக் குடுக்கணும். முடியுமா?” என்று கேட்டார். இல்லை என்று போடச் சொன்னவர் அவர். ஆனால் கையெழுத்து என்னுடையதல்லவா? மாணவன் ஒரு தசமப் புள்ளியை மாற்றி வைத்ததற்கெல்லாம் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியவன் நான். பொய் எழுதினேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வெட்கமாக இருந்தது என்பதைவிடப் பயமாக இருந்தது என்பதே சரி.

அதே ஹோட்டலில் நிறைவு விழா நடந்தது. எங்கள் கடற்கரையில் படகுகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று அதே நிபுணர் மகிழ்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூச்சமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டில் அன்றும் சீலா மீன்தான். ஒரு துண்டுகூட உள்ளே இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பாடகர் குழுவுக்கு மட்டம் போட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். அந்த அம்மாள் சொன்னது உண்மை. கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வள்ளங்கள், ஊர்க்கோலத்துக்கு நிற்பதுபோல் நீலமும் பச்சையுமாக வரிசையில் நின்றன. நான் ‘இல்லை’ என்று எழுதியது இவ்வளவையும். அந்த அம்மாள் புருஷனின் வள்ளம் மட்டும் தனியாக, சங்கிலியோடு, வெயிலில் பலகை வெடிக்க ஆரம்பித்திருந்தது.

கோழி வள்ளத்தின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதினேன். ‘அன்று படகுகள் கடலில் இருந்தன. தெரிந்தே பொய் எழுதினேன்’ என்று பக்கத்தில் நின்ற அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

“பொய்யின்னு எதுக்கு சார் எழுதுதீய? வயசான மனுசன். ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போயிருந்தேன், அதான் வர முடியலன்னு எழுதுங்க. அது உண்மதான?”

அவர் கேலி செய்யவில்லை, என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். நான் செத்துப்போயிருக்கலாம். கடிதத்தை மாற்றாமல் மீன்வளத் துறை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. மறு கணக்கெடுப்புக்கு உத்தரவு. அலுவலக நாளில்தான் எடுக்க முடியுமாம். புதன்கிழமை, காலை பதினோரு மணி.

கணக்கெடுப்புக் குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள், இருந்தும் என் சொந்தச் செலவில் பஸ் ஏறிப் போனேன். யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இறங்கினால், கரை முழுக்க வள்ளம். அந்தப் புதன்கிழமை ஊரில் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. ஆண்கள் வெள்ளைச் சட்டை போட்டு, ஆளுக்கொரு வள்ளத்தின் பக்கத்தில் நின்றார்கள். வாளை மீனும் சாளை மீனும் வலை நிறைய விழுந்த நேரம், ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு, தொப்பி வைத்தவர்கள் கண்ணில் படுவதற்காக நின்றார்கள். சங்கிலி போட்ட வள்ளத்தையும் புதுக் குழு அளந்து எழுதிக்கொண்டது. அவர் நாடாவின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

என்னைப் பார்த்து அந்த அம்மாள் வந்தாள். மீன் காயப்போடும் இடம் வெறுமையாக இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்:

“எங்க ஞாயித்துக்கிழமைய நாங்க புதன்கிழமைக்கு மாத்திட்டோம் சார். ஒங்களுக்குத்தான் மாத்த முடியல.”