தகவல் பெறப்பட்டது

ஜமுனாமரத்தூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பகல் முழுவதும் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 'பெறப்பட்டது', 'பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்றே என் விரல்கள் தட்டும். முகநூலில் நான் வேறு ஆள். மலையில் மழை வந்தாலும் பலா பழுத்தாலும் அரைப் பக்கத்துக்குச் செந்தமிழில் எழுதுவேன்.

போன ஆண்டு ஒரு மதியம், கண்ணமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை குடும்பக் குழுவில் செய்தி போட்டாள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவள் முழுகாமல் இருந்தாள். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஏதோ பட்டியலை உடனே கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு குழுவுக்கும் மாறி மாறிப் பதில் போட்டதில் தங்கைக்கு இப்படிப் போய்விட்டது: 'தகவல் பெறப்பட்டது. மகிழ்ச்சி. நன்றி.'

சாயந்திரம் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் கணவர்தான் பேசினார். அவள் அழுததாகச் சொல்லி, ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மலையிறங்கினேன்.

தண்ணீர் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏன்க்கா, நான் இன்னா மனுவா குடுத்தேன், நீ ரசீது போட்றதுக்கு?"

வேலை மும்முரத்தில் கை அப்படி வந்துவிட்டது என்றேன்.

"பலாப்பழத்துக்கு அவ்ளோ நீளம் எழுதுற. எனுக்கு நாலு வார்த்த."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள், அவ்வளவுதான் பேசினாள்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். எங்கள் வீட்டில் பேசுகிற தமிழைப் பள்ளியில் தப்பென்று சிவப்பு மையால் அடித்தார்கள். அதன் பிறகு நான் அதை எழுதியதே இல்லை. சந்தோஷமோ துக்கமோ, எனக்கு அந்தத் தமிழில்தான் வாயில் வரும், கையில் வராது. அலுவலகத் தமிழையும் முகநூல் தமிழையும் பழகிய கைக்குத் தங்கையிடம் பேச ஒரு சொல் இல்லாமல் போயிருந்தது.

இறங்கி வீடு சேர்ந்ததும் அவளுக்கு எழுதினேன்: 'வூட்டுக்கு வந்துட்டேன்மா. ஒனக்கு இன்னா வேணும்னு தோணுதோ சொல்லு, செஞ்சி எடுத்தாறேன்.' கைப்பேசி 'வீட்டுக்கு' என்று திருத்திக்கொண்டே இருந்தது. நானும் விடாமல் மாற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் 'ம்' என்று ஒற்றை எழுத்து வந்தது. கோபம் போன 'ம்'மா, போகாத 'ம்'மா என்று தெரியவில்லை. கூப்பிட்டேன். எடுத்தாள்.